முகத்தோலுக்கான மீளுருவாக்க ஊசிகள்: 14 மாதங்கள் எடுத்துக்கொண்ட பின் ஒரு மதிப்புரை

கடந்த 14 மாதங்களில் என் முகத்தோலின் தரத்தை மேம்படுத்துவதற்காக மட்டும் மூன்று வகை ஊசிச் சிகிச்சைகளை எடுத்துக்கொண்டேன். முதலில், என் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவை, பிஆர்பி என்ற பெயரில் பலரும் அறிந்திருப்பதை, மூன்று அமர்வுகளாகப் போட்டுக்கொண்டேன். அதன் பலன் திருப்தி அளிக்காததால் வேறொரு தோல் மருத்துவரிடம் சென்று, கண்ணைச் சுற்றியும் கன்னங்களிலும், மீன் டிஎன்ஏவிலிருந்து தயாராகும் பாலிநியூக்ளியோடைடு ஊசியை நான்கு அமர்வுகளாக எடுத்தேன். கடைசியாக, தோலில் நீரைப் பிடித்துவைக்கும் ஹைலூரானிக் அமில ஊசியை இரண்டு முறை எடுத்தேன். இதே காலத்தில் என் அக்கா பாலி எல் லாக்டிக் அமில ஊசியை எடுத்துக்கொண்டார். அவருடைய ஒப்புதலோடு அந்த அனுபவத்தையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இந்தச் சிகிச்சைகளைப் பற்றிப் படிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அவற்றை அளிப்பவர்கள் எழுதியவை. எடுத்துக்கொண்டவர்கள் எழுதுபவையோ முதல் வாரத்து உற்சாகத்தோடு நின்றுவிடுகின்றன. எனவேதான் ஓராண்டுக்கு மேல் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

எனக்கு வயது 47. இளமையில் வந்த முகப்பருவின் தழும்புகள் இரு கன்னங்களிலும் இருக்கின்றன. கண்ணுக்குக் கீழே தோல் மெலிந்து, சிரிக்கும்போது கசங்கிய துணிபோலச் சிறு சிறு மடிப்புகளாகச் சுருங்கும். என்னுடையது மாநிறத் தோல். ஒரு கொசு கடித்தாலும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்திருக்கும். ஊசி போட்டுக்கொள்ளும் முடிவில் இந்தக் கடைசிச் செய்திக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சிகிச்சைகளை எடுத்தவர் எதனால் எது நடந்தது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்பது நியாயமானதே. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கத்தை விடாமல் கடைப்பிடித்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, காலை எட்டு மணிக்கு, வீட்டின் குறிப்பிட்ட ஒரு ஜன்னலருகே, முகம் கழுவித் துடைத்த பின், எந்தப் பூச்சும் இல்லாமல் மூன்று கோணங்களில் படம் எடுத்தேன். சிகிச்சை மையங்களில் எடுக்கப்படும் முன்-பின் படங்களில் விளக்கின் திசை சிறிது மாறினாலே தழும்பின் நிழல் மறைந்துவிடுகிறது என்பதைக் கவனித்ததால்தான் இந்த ஏற்பாடு. பிஆர்பி முடிந்த பிறகு மூன்று மாதங்கள் எந்த ஊசியும் போடாமல் இடைவெளி விட்டேன். கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் படங்களை வைத்துச் சொல்பவை.

தோலின் தரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஃபில்லர் ஊசி பள்ளமான இடத்தை நிரப்பி முகத்தின் வடிவத்தை மாற்றுகிறது. போடாக்ஸ் என்று பலரும் சொல்லும் போட்டுலினம் ஊசி தசையின் இயக்கத்தைச் சில மாதங்களுக்குக் குறைத்து, சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்கிறது. நான் எடுத்துக்கொண்டவற்றின் இலக்கு தோலே: அதன் ஈரப்பதம், தடிமன், நெகிழ்ச்சி, வழவழப்பு. உள்தோலில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் இருக்கின்றன. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன், நெகிழ்ச்சி தரும் எலாஸ்டின், ஹைலூரானிக் அமிலம் ஆகிய மூன்றையும் உருவாக்குபவை அவையே. உள்தோலின் உலர் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொலாஜன்தான். வயது வந்த பிறகு இது ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் வீதம் குறைகிறது என்றும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் 30 சதவீதம் வரை குறையலாம் என்றும் தோல் மருத்துவத்தில் சொல்லப்படுகிறது. சோம்பிக் கிடக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை மறுபடியும் வேலை செய்யத் தூண்டுவதே இந்த ஊசிகளின் பொதுவான நோக்கம். மீளுருவாக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பல்லிக்கு வால் முளைப்பதுபோல ஏதோ நடக்கப்போகிறது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் நடப்பது, தோல் ஒரு சிறு காயத்தையோ ஓர் அந்நியப் பொருளையோ உணர்ந்து அதற்கு மறுவினையாகக் கொஞ்சம் புதிய கொலாஜனை நெய்துகொள்வதுதான். அந்தக் கொஞ்சம் போதுமானதா என்பதே ஒவ்வொருவரும் தமக்குக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. எனக்கு ஓரிடத்தில் அது போதுமானதாக இருந்தது, வேறிடங்களில் இல்லை.

பிஆர்பி அனுபவத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் முதலில் போய் நிற்பது அங்கேதான். நம் இரத்தமே நமக்கு மருந்தாகிறது என்ற எண்ணம் ஒரு நிம்மதியைத் தருகிறது. ஒவ்வாமை இல்லை, வெளிப்பொருள் இல்லை. கையிலிருந்து சில குழாய்கள் இரத்தம் எடுத்து, அதை மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்மாவில் பிளேட்லெட்கள் செறிந்திருக்கும் பகுதியை மட்டும் உறிஞ்சியெடுத்து முகத்தில் ஊசியாகப் போடுகிறார்கள். காயம் ஆறுவதற்குத் தேவையான வளர்ச்சிக் காரணிகள் பிளேட்லெட்களுக்குள் சிறு துகள்களாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அவை வெளிப்பட்டு ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டும் என்பதே இதன் அடிப்படை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அளவில் இருக்கிறது. சாதாரண இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை பிளேட்லெட்கள் இருக்கும். பிஆர்பி என்று அழைக்கத் தகுதியான திரவத்தில் ஏறத்தாழ 10 லட்சம் இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். எந்தக் குழாய், எத்தனை நிமிடம், எவ்வளவு வேகம் என்பவற்றைப் பொறுத்து இந்த எண்ணிக்கை பெரிதும் மாறும். என் முகத்தில் போட்டதில் எவ்வளவு இருந்தது என்று கேட்டபோது அந்த மையத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. அளந்தே பார்ப்பதில்லை என்பது இரண்டாம் அமர்வில்தான் தெரிந்தது.

அதைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. என் கையிலிருந்து எடுத்த இரத்தக் குழாயின்மேல் என் பெயர் எழுதப்படவில்லை. அதை எடுத்துக்கொண்டு செவிலியர் அடுத்த அறைக்குப் போனார். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து மஞ்சள் திரவம் நிரம்பிய சிரிஞ்சோடு வேறொருவர் வந்தார். இது என்னுடையதுதானா என்று கேட்டேன். இன்று காலையில் உங்களுக்கு மட்டும்தான் எடுத்தோம் என்றார். அந்தப் பதில் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் இரத்தத்தைக் கையாளும் இடத்தில் நினைவை நம்பி எதுவும் நடக்கக் கூடாது. 2024 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அறிக்கை, நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் உரிமம் பெறாத ஓர் அழகு நிலையத்தில் பிஆர்பி கொண்டு முகத்தில் நுண்ணூசிச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்று ஏற்பட்டதைப் பதிவு செய்திருக்கிறது; அங்கே பெயர் எழுதப்படாத இரத்தக் குழாய்கள் கிடந்ததையும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த அறிக்கையைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே பரிசோதனை செய்துகொண்டேன். அதன்பின் உரிய காலம் கழித்து மறுபடியும் செய்துகொண்டேன். இரண்டிலும் தொற்று இல்லை என்று வந்தது. அதன் பிறகு மூன்றாவது அமர்வுக்குப் போனபோது குழாயில் பெயர், பிறந்த தேதி இரண்டையும் என் கண் முன்னே எழுத வேண்டும் என்றும், சுழற்றும் கருவி இருக்கும் அறையில் நானும் இருப்பேன் என்றும் கேட்டேன். தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பலன் என்று பார்த்தால், ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் பத்து நாட்கள் வரை முகம் உப்பலாகவும் பளபளப்பாகவும் தெரிந்தது. அது ஊசி குத்தியதால் வந்த மெல்லிய வீக்கம் என்றே இப்போது நினைக்கிறேன், ஏனெனில் வீக்கம் வடிந்ததும் பளபளப்பும் போயிற்று. மூன்றாம் மாதப் படத்தையும் தொடக்கப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. என் அக்காவுக்கும் தெரியவில்லை. இதற்கு நானும் அறியாமல் காரணமாகியிருக்கக்கூடும். தலைவலிக்காக அந்த மாதங்களில் அடிக்கடி வலி மாத்திரை எடுத்துவந்தேன். ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளும் ஆஸ்பிரினும் பிளேட்லெட்களின் செயலை மட்டுப்படுத்துபவை. அதிலும் ஆஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டைத் தொட்டுவிட்டால் அதன் வாழ்நாளான 7 முதல் 10 நாட்கள் வரை அது பழைய நிலைக்குத் திரும்பாது. பிளேட்லெட்டையே மருந்தாக விற்கும் இடத்தில், நான் என்ன மாத்திரை எடுக்கிறேன் என்ற கேள்வி மூன்று அமர்வுகளிலும் ஒருமுறைகூட எழவில்லை. எனவே பிஆர்பி பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்காகச் செய்யப்பட்ட பிஆர்பி எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும், ஒழுங்காகச் செய்கிறார்களா என்பதை நோயாளி கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதையும் மட்டும் சொல்வேன். இரத்தம் மெலிதாக்கும் மாத்திரையை இதய நோய்க்காக எடுப்பவர்கள் ஊசிக்காக அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறேன்.

இரண்டாவது மருத்துவர் முதல் சந்திப்பில் ஊசியை எடுக்கவே இல்லை. ஏறத்தாழ 40 நிமிடங்கள் கேள்விகள் மட்டும் கேட்டார். மீன் ஒவ்வாமை உண்டா, உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருமா, காயம் பட்ட இடம் தடித்து வளர்ந்ததுண்டா, முகப்பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் எடுத்தீர்களா, உடலின் நோய் எதிர்ப்பு முறை தன்னையே தாக்கும் நோய் எதுவும் வீட்டில் யாருக்காவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, தினமும் சன்ஸ்கிரீன் போடும் பழக்கம் இல்லாத தோலில் ஊசி போட்டுப் பயனில்லை என்றும், மூன்று மாதங்கள் சன்ஸ்கிரீனும் இரவில் ட்ரெட்டினோயின் களிம்பும் பயன்படுத்திவிட்டு வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். வெயில் கொலாஜனைச் சிதைக்கிறது. ட்ரெட்டினோயின் அதை மீண்டும் உருவாக்கத் தூண்டுகிறது. இந்த இரண்டுக்கும் பின்னால் பல பத்தாண்டு ஆய்வுகள் இருக்கின்றன, நான் போடும் எந்த ஊசிக்கும் அவ்வளவு ஆதாரம் கிடையாது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். சிகிச்சை அளிப்பவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடிவிட்டது. மாநிறத் தோலில் ஊசி ஏற்படுத்தும் சிறு அழற்சிகூடக் கரும்புள்ளியாக மாறக்கூடும், சன்ஸ்கிரீன் அதற்கும் ஒரு காப்பு என்றார். நான் மூன்று மாத இடைவெளி விட்டது இப்படித்தான். அந்த இடைவெளியிலேயே தோலின் நிறம் சற்றுச் சீரானதைப் படங்களில் காண்கிறேன் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

பாலிநியூக்ளியோடைடு என்பது சால்மன், டிரவுட் போன்ற மீன்களின் விந்தணுவிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த டிஎன்ஏ துண்டுகள். கேட்பதற்கு விநோதமாக இருந்தாலும் காரணம் எளியது: விந்தணுவின் பெரும்பகுதி இறுக்கமாகச் சுருட்டப்பட்ட டிஎன்ஏதான், எனவே அதிலிருந்து புரதக் கலப்பில்லாத டிஎன்ஏவைப் பிரிப்பது சுலபம். ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் புரதமே என்பதால் சுத்திகரிப்பின் தரம் இங்கே முக்கியமாகிறது. அப்படியிருந்தும் மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு என் மருத்துவர் இதைப் போடுவதில்லை. இத்தகைய டிஎன்ஏ மருந்து இத்தாலியில் ஆறாத காயங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. அழகியல் மருத்துவத்தில் அதைப் பரவலாக்கியது தென் கொரியா. 2014-இல் அங்கு வந்த ரெஜுரான் என்ற ஊசிதான் இந்த வகையில் மிகவும் அறியப்பட்டது. இந்த டிஎன்ஏ துண்டுகள் செல்லின் மேற்பரப்பிலுள்ள அடினோசின் ஏற்பிகளைத் தூண்டி அழற்சியைத் தணிக்கின்றன, ஃபைப்ரோபிளாஸ்ட்களை முடுக்கிவிடுகின்றன, சிதையும்போது புதிய செல்களுக்குக் கட்டுமானப் பொருளாகின்றன என்பது விளக்கம். ஐரோப்பாவிலும் கொரியாவிலும் மருத்துவச் சாதனம் என்ற வகையில் இது அனுமதி பெற்றிருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தோல் அழகுக்கான ஊசியாக இதற்கு ஒப்புதல் அளித்ததில்லை. மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகளில் பல, சிலரை மட்டும் சேர்த்துக்கொண்டு சில மாதங்களே பின்தொடர்ந்தவை. இதையும் மருத்துவரே சொன்னார்.

மரத்துப்போகும் களிம்பைப் பூசி முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஊசி போட்டார். மருந்துப் பெட்டியை என் முன்னால் பிரித்து, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கிழித்து என் குறிப்பேட்டில் ஒட்டிக் கொடுத்தார். முதல் இடத்தில் எனக்குக் கிடைக்காத அமைதி அந்த ஒரு செயலில் கிடைத்தது. வலியைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மருந்து பாகுபோலத் தடித்தது. ஊசி குத்துவதைவிட மருந்து உள்ளே இறங்கும் அழுத்தமே வலிக்கிறது. கன்னத்தில் பொறுத்துக்கொள்ள முடிந்தது. கண்ணுக்குக் கீழே, உடலிலேயே மிக மெல்லிய தோல் இருக்கும் இடத்தில், கண்ணீர் தானாக வழிந்தது. போட்ட இடமெல்லாம் பாசிப்பயறு அளவுக்குச் சிறு சிறு மேடுகள் எழும்பின. கன்னத்தில் மறுநாளும் கண்ணுக்குக் கீழே மூன்றாம் நாளும் அமுங்கின. இரண்டாவது அமர்வில் இடது கண்ணுக்குக் கீழே ஓர் இரத்தக்கட்டு வந்து மறைய எட்டு நாட்கள் ஆயின. ஆகவே ஏதாவது விசேஷத்துக்கு முந்தைய வாரத்தில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். அமர்வுகளுக்கிடையே மூன்று வார இடைவெளி விட்டோம்.

முதல் இரண்டு அமர்வுகளுக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முடிந்து இரண்டு வாரங்கள் கழித்து எடுத்த படத்தில்தான் முதன்முதலாக மாற்றத்தைக் கண்டேன்: சிரிக்கும்போது கண்ணுக்குக் கீழே விழும் அந்தக் கசங்கல் குறைந்திருந்தது. நான்காவது முடிந்து இரண்டு மாதங்களில் அது இன்னும் தெளிவாயிற்று. மடிப்புகள் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் எண்ணிக்கையிலும் ஆழத்திலும் குறைந்தன, முகப்பவுடர் அந்தக் கோடுகளில் போய்த் தங்குவது நின்றது, தோலைத் தொட்டால் ஒரு திடம் தெரிந்தது. கன்னத்தின் சிவப்பும் எரிச்சலும் தணிந்தன. ட்ரெட்டினோயினால் வரும் தோலுரிதலைக்கூட முன்பைவிட எளிதாகத் தாங்கினேன். கருவளையத்தில் சொல்லும்படியான மாற்றமில்லை. எனக்கிருப்பது பாதி நிறமி, பாதி எலும்பமைப்பினால் விழும் நிழல். தோலைத் தடிப்பாக்கும் ஊசியால் இந்த இரண்டும் தீராது என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். முகப்பருத் தழும்புகளில், அகலமாகவும் ஆழமின்றியும் இருந்தவை சற்று மெத்தென்று ஆயின. ஆணி குத்தியதுபோன்ற குறுகிய ஆழத் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு, தழும்புக்குள் அமிலத்தைப் புள்ளியாக வைக்கும் சிகிச்சையும், தழும்பை வெட்டியெடுக்கும் சிகிச்சையும் போன்றவைதான் வழி. தழும்புக்காக மட்டும் இந்த ஊசியை நாடுபவர்கள் ஏமாற்றமடைவார்கள். கண்ணுக்குக் கீழுள்ள மெலிந்த தோலுக்காக நாடுபவர்களிடம், நான்கு அமர்வும் நான்கு மாதப் பொறுமையும் இருந்தால் போய்ப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ஹைலூரானிக் அமில ஊசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் பசுவின் விழித்திரவத்திலிருந்து கண்டெடுத்த இந்தப் பொருள் நம் தோலிலேயே இயல்பாக இருப்பது. நீரை ஈர்த்துப் பிடித்துவைப்பது. நான் எடுத்துக்கொண்டது புரோஃபைலோ என்ற வகை. 2 மில்லிலிட்டரில் 64 மில்லிகிராம் அமிலம், நீண்ட மூலக்கூறுகளும் குறுகிய மூலக்கூறுகளும் வெப்பத்தால் இணைக்கப்பட்டவை. ஃபில்லரில் சேர்க்கும் வேதிப்பிணைப்பான் இதில் இல்லை. முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து புள்ளிகளில் மட்டும் போட்டால் மருந்து தானே பரவிக்கொள்கிறது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை. வலி குறைவு, மேடுகள் மறுநாள் காலைக்குள் மறைந்தன, தோல் நீர் குடித்ததுபோலத் தெளிந்தது. ஐந்தாம் மாதப் படத்தில் அந்தத் தெளிவு பெரும்பாலும் வடிந்துவிட்டது. நம் உடலில் இருக்கும் ஹைலூரானிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் சிதைந்து புதிதாக உருவாகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அமெரிக்காவில் 2023 மே மாதத்தில் கன்னத்தின் வழவழப்புக்காக ஒப்புதல் பெற்ற ஸ்கின்வைவ் என்ற ஹைலூரானிக் அமில ஊசிக்கும் ஆறு மாதப் பலனே சொல்லப்படுகிறது. வறண்ட தோலுள்ளவர்களுக்கு இது நல்ல ஊசி. நீடித்த மாற்றத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏற்றதல்ல.

அக்காவின் கதை வேறு. அவருக்கு 54 வயது. கன்னங்கள் ஒட்டி, தாடையோரம் தோல் தளர்ந்திருந்தது. அவருக்குப் போட்டது பாலி எல் லாக்டிக் அமிலம், ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் வருவது. உடலில் தானாகக் கரைந்துபோகும் தையல் நூல்களில் பயன்படும் பொருளின் குடும்பத்தைச் சேர்ந்த நுண்துகள்கள் இவை. துகளைச் சுற்றி உடல் மெல்லக் கொலாஜனைக் கட்டுகிறது, துகள் கரைந்த பின் கொலாஜன் எஞ்சுகிறது. எச்ஐவி நோயாளிகளின் முகத்தில் கொழுப்பு வற்றிப் போவதற்கான சிகிச்சையாக 2004-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. 2009-இல் மற்றவர்களின் மூக்கோர மடிப்புகள் உள்ளிட்ட முகச் சுருக்கங்களுக்கும், 2023-இல் கன்னத்து மென்சுருக்கங்களுக்கும் ஒப்புதல் விரிந்தது. இந்தப் பட்டியலில் நீண்ட வரலாறும் உறுதியான ஆதாரமும் உடையவற்றில் இதுவும் ஒன்று. முதல் நாள் முகம் நிறைந்திருப்பது மருந்தோடு கலந்த நீரினால். இரண்டு மூன்று நாட்களில் அது வற்றிவிடும்போது, ஒன்றுமே நடக்கவில்லையே என்று மனம் தளரும். அக்காவும் அப்படித்தான் தொலைபேசியில் வருந்தினார். நான்காவது மாதத்தில் அவர் கன்னத்தில் தெரிந்த நிறைவும் தாடையோரத்தில் தெரிந்த இறுக்கமும் எனக்குக் கிடைத்த எதையும்விடப் பெரியவை. ஆய்வுகளில் இந்தப் பலன் இரண்டாண்டுகள் வரை நீடித்திருக்கிறது.

ஆனால் அவருக்கு இடது கன்னத்தில் மிளகளவு ஒரு கட்டி வந்தது. பார்த்தால் தெரியாது; விரலால் தடவினால் தட்டுப்படும். தொடக்க காலத்தில் இந்தத் தூளை 3 முதல் 5 மில்லிலிட்டர் நீரில் கரைத்துப் போட்டதால் இத்தகைய கட்டிகள் அதிகம் வந்தன என்றும், அதனால்தான் இப்போது 8 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் கரைப்பது வழக்கமாகியிருக்கிறது என்றும் பிறகு அறிந்துகொண்டோம். ஊசி போட்ட பின் ஐந்து நாட்கள், நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் முகத்தை அழுத்தி நீவிவிடச் சொல்வார்கள். அக்காவுக்கு அந்தச் சிகிச்சை மையத்தில் அதைச் சொல்லவே இல்லை. “ஊசி போட்ட இடத்தைத் தொடக் கூடாது என்று நானாகவே நினைத்து, ஒரு வாரம் முகத்தில் கையே வைக்கவில்லை” என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் கனத்தது. ஒரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கக்கூடிய அறிவுரை அது. ஹைலூரானிக் அமிலம் தவறான இடத்தில் தங்கிவிட்டால் ஹைலூரானிடேஸ் என்ற நொதியால் கரைத்துவிடலாம்; பாலி எல் லாக்டிக் அமிலத்துக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் ஊசியும் இதே வகைதான். நீர்த்துப் போடும்போது கழுத்துத் தோலுக்கு உதவுகிறது என்கிறார்கள், எனக்கு அதில் சொந்த அனுபவம் இல்லை. திரும்பப் பெற முடியாத ஒன்றைப் போடும் கை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. அக்காவின் கட்டி பத்து மாதங்களில் பாதியாகச் சிறுத்திருக்கிறது.

எக்ஸோசோம் பற்றிய என் கருத்தைக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். செல்கள் வெளிவிடும் மிக நுண்ணிய பைகள் இவை. ஆய்வுலகில் மிகுந்த ஆர்வத்தை எழுப்பியிருப்பவை. பிஆர்பி போட்ட மையத்தில் மூன்றாவது அமர்வின் முடிவில், அடுத்த முறை இதையும் சேர்த்து ஊசியாகப் போடலாம் என்றார்கள். எதிலிருந்து எடுத்தது என்று கேட்டேன். ஸ்டெம் செல் என்று மட்டும் பதில் வந்தது. யாருடைய, எந்தத் திசுவின், எப்படிச் சோதிக்கப்பட்டது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. பெட்டியின்மேல் மேற்பூச்சுக்கானது என்று அச்சாகியிருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில், ஒப்புதல் பெறாத எக்ஸோசோம் பொருட்களால் நோயாளிகளுக்குக் கடும் பாதிப்புகள் ஏற்பட்டதாகப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. இத்தகைய பொருள் எதற்கும் அது ஒப்புதல் அளித்திருக்கவில்லை என்றும் அறிவித்தது. தோலின்மேல் பூசுவதற்காகத் தயாரித்த ஒன்றைத் தோலுக்குள் செலுத்துவது வெறும் அளவு மாற்றமல்ல. தோல் என்னும் காவலைத் தாண்டி உள்ளே நுழையும் எதுவும் கிருமியற்றதாகவும் ஊசிக்கென்றே சோதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். நான் மறுத்துவிட்டேன். அதன்பின் அங்கே போகவில்லை.

அரிதாக நேரக்கூடிய ஓர் ஆபத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. எந்தப் பொருளும், குறிப்பாகத் துகள் உள்ளவையும் ஜெல் வகைகளும், தவறிப்போய் இரத்தக்குழாய்க்குள் இறங்கினால் அந்தப் பகுதித் தோலுக்கு இரத்தம் தடைபடும். மூக்கைச் சுற்றியும் புருவங்களுக்கிடையிலும் இது நேர்ந்தால் பார்வையே பறிபோகலாம். ஊசி போட்ட இடம் திடீரென வெளுத்தாலும், வலைபோல நீலம் பாய்ந்தாலும், வலி தணியாமல் ஏறிக்கொண்டே போனாலும், கண் மங்கினாலும், காலை வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே போட்ட மருத்துவரை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். என் மருத்துவர் தம் கைபேசி எண்ணை இதற்காகவே எழுதிக் கொடுத்திருந்தார். முதல் மையத்தில் எனக்குக் கிடைத்தது வரவேற்பறையின் எண். மாலை ஆறு மணிக்குமேல் அதை யாரும் எடுப்பதில்லை.

கருவுற்றிருப்பவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இவற்றில் எதையும் என் மருத்துவர் போடுவதில்லை. முகத்தில் பழுத்த பருவோ அக்கியோ இருக்கும்போதும் தள்ளிப்போடுகிறார். ஒருமுறை கன்னத்தில் ஒரேயொரு பரு இருந்ததற்காக என்னைப் பத்து நாட்கள் கழித்து வரச் சொன்னார்.

இனி என்ன செய்யப்போகிறேன் என்றால், பிஆர்பியை மறுபடியும் நாட மாட்டேன். ஹைலூரானிக் அமில ஊசி இப்போதைக்கு வேண்டாம். சன்ஸ்கிரீனும் ட்ரெட்டினோயினும் தொடரும். கண்ணுக்குக் கீழே மட்டும் பாலிநியூக்ளியோடைடு பராமரிப்பு ஊசி ஒன்றை, நான்காவது அமர்விலிருந்து ஒன்பதாவது மாதத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய ஞாயிறன்று அதே ஜன்னலருகே எடுக்கும் படத்தில் கசங்கல் திரும்பி வந்திருக்காவிட்டால் அமர்வைத் தள்ளிவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். படத்தைக் கொண்டுவாருங்கள், இருவரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம் என்றார்.